சோடி

முன் இடது சில்லுக்குள்
உரலில் பாக்கு உருளுவதுபோல ஒரு சத்தம்.
மூன்று மாதம் அதோடுதான் ஓடினேன்.

"லோவர் ஆம் போயிட்டு மிஸ்."
மாருதிக்குக் கீழே படுத்திருந்த இல்மிதீனின்
கால்கள் இரண்டும்தான் என்னோடு பேசின.
"சாமான நீங்களே எடுத்துத் தாங்க.
நான் எடுத்தா
விலையில வெச்சிட்டன் எண்டு நினைப்பீங்க."

காத்தான்குடியில் பேரீச்சை நிழலில் காரை விட்டு
கடை கடையாய் ஏறினேன்.
ஆம் இருக்கா என்றால்
இல்லை என்றார்கள்.
ஒருவர், வலது இருக்கு, அதைப் போடலாமே என்றார்.
ஒரு பொடியன்
போனிலிருந்து கண்ணெடுக்காமல்
எத்தினையாம் ஆண்டு வாகனம் என்று கேட்டான்.
சொன்னேன்.
நிமிர்ந்து என்னைப் பார்த்தான்,
காரைப் பார்க்கவில்லை.

கல்முனையில் இருந்தது.
சோடியாய்த்தான் தருவார்களாம்.
"ஒத்தைச் செருப்பு வாங்குவீங்களா மிஸ்?"
வாங்கினேன், சோடி.
பில் கேட்டேன், புத்தகம் முடிந்துவிட்டது.
வீட்டில் பொலித்தீனைத் தடவிப் பார்த்தால்
இரண்டும் வலது.

அடுத்த நாள் திரும்பக் கொண்டுபோனேன்.
முதலாளி ஒன்றும் பேசாமல்
சுவரைக் காட்டினார்.
விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது,
மும்மொழியிலும், ஒரு எழுத்துப் பிழையில்லாமல்.

என் வேலை மாடுகளோடு.
பின் சீற்றில் ரெஜிபோம் பெட்டி,
பெட்டிக்குள் ஐஸ்,
ஐஸ் கரையுமுன் ஊசி.
பாலம் தாண்டிப் படுவான்கரைக் கிறவலில் இறங்கினால்
தண்ணீர்க் குழாய்க்கு வெட்டி மூடிய கான்
ஒரு மழையில் மறுபடி கானாகியிருக்கும்.
மதகடிப் பள்ளத்துக்கு
ஊரார் போட்ட ஓட்டுத்துண்டு தாண்டுபோய்
தேங்காய்மட்டை மட்டும் மிதக்கும்.
வீதி வேலைப் பலகையில்
தொடங்கும் திகதி தெளிவு.
முடியும் திகதியில் யாரோ சாணி அப்பியிருந்தார்கள்,
நல்ல குறி.
பக்கத்துத் தூணில் விளக்கு
பகல் பதினொரு மணிக்கு எரியும்.

அந்தக் கடகடப்பு கேட்டாலே
"மிஸ் வாறா" என்று படலைக்கு வருவார்கள்.
மாட்டுக்கும் தெரியும்.
பேரின்பத்தாரின் கறுத்த நாம்பன்
கயிற்றை அறுத்துக்கொண்டு வயலில் இறங்கிவிடும்.
அவர் பின்னால் ஓட,
நான் பெட்டி மூடியை அமத்திப் பிடித்தபடி
வரம்பில் நிற்பேன்.

கடைசியில் இல்மிதீன்தான்
ஏறாவூர்ப் பக்கம், பழைய இரும்புக்குள்
செத்துக் கிடந்த ஒரு மாருதியின்
இடது கையைக் கழற்றி வந்தார்.
"மறுகா பாருங்க, பட்டுப்போல போகும்."

போயிற்று.
அன்று படுவான்கரையில் ஒருவரும் வெளியே வரவில்லை.
ஹோர்னை அமத்தினேன்,
அது எப்போதோ செத்திருக்கிறது.
இத்தனை நாளும் தேவைப்படவில்லை.
இறங்கி நடந்தேன்.
மருதமரத்தடியில் நாம்பன்
யாரோ ஒரு பொம்பிளை வாறாள் என்று
அசைபோட்டுக்கொண்டு கிடந்தது.
ஊசி இறங்கிய பிறகுதான் துள்ளி எழும்பி
என்னைப் பார்க்காமல்
காரைப் பார்த்தது,
சொல்லிக்கொடுக்க வேண்டியவன் சொல்லாமல் இருந்துவிட்டதுபோல.

"என்ன மிஸ், கள்ளப்பூனை மாதிரி வந்திட்டீங்க?"
பேரின்பத்தாருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

திரும்பும்போது பொழுதுபட்டுவிட்டது.
பகலெல்லாம் எரிந்த விளக்கு
இரவு ஓய்வில் இருந்தது.
மதகடி.
மட்டையா தண்ணீரா தெரியவில்லை.
டொம்.

நிறுத்தி, மெல்ல எடுத்து,
கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்தேன்.
தவளைகள்.
தவளைகளுக்குள்
உரல், பாக்கு.
இடப்பக்கம் இல்லை.
இன்னும் பத்து யார் உருட்டிப் பார்த்தேன்.
இல்லை, இது வலது.

வீட்டில், அலுமாரிக்கு மேலே,
பொலித்தீன் பிரிக்காமல் கிடக்கின்றன இரண்டு.
ஒன்று இப்போதைக்கு.
மற்றது மாரிக்கு.